'ஹார்ட்' வேறு, 'ஹார்ட்லி' வேறு

கேள்வி: வேலைக்கான விண்ணப்பத்தில் "ஐ வொர்க் ஹார்ட்லி" என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். 'கடுமையாக' என்பதற்கு 'லி' சேர்க்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். அனுப்புவதற்கு முன் "ஐ வொர்க் ஹார்ட்" என்று மாற்றிவிடுங்கள். 'ஹார்ட்லி' வந்தால், ஏதோ பேருக்கு வேலை செய்கிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததுபோல் படிப்பவருக்குத் தோன்றும்.

தமிழில் 'கடுமை'யோடு 'ஆக' சேர்த்தால் வினையடை கிடைக்கிறது. ஆங்கிலத்திலும் 'ஸ்லோ'வோடு 'லி' சேர்ந்து 'ஸ்லோலி' ஆகிறது. 'ஹார்ட்' இந்த வழியில் வராது. பழைய ஆங்கிலத்தில் 'ஹெஅர்ட்' பெயரடை, 'ஹெஅர்டெ' வினையடை. கடைசி எகரம் பேச்சில் தேய்ந்து மறைந்ததும் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான் மிஞ்சியது. 'ஃபாஸ்ட்' என்ற சொல்லின் கதையும் இதுவே. 'ஃபாஸ்ட்லி' என்று யாரும் எழுதுவதில்லை.

'ஹார்ட்லி'யும் பழைய சொல்தான். முதலில் கடுமையாக, துணிவாக என்ற பொருளில் வழங்கி, பிறகு 'சிரமப்பட்டு' என்று ஆனது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், செல்வந்தன் பரலோக ராஜ்யத்தில் 'ஹார்ட்லி' நுழைவான் என்று வருவது இந்தப் பொருளில்தான். தமிழ் விவிலியம் அங்கே 'அரிது' என்கிறது. அருமையான பொருத்தம் அது. செய்யக் கடினமானது என்பதும் எப்போதோ நடப்பது என்பதும் நம் 'அரிது'க்குள் சேர்ந்தே இருக்கின்றன. சிரமப்பட்டால்தான் நடக்கும் என்ற 'ஹார்ட்லி', அநேகமாக நடக்காது என்ற இன்றைய பொருளுக்கு வந்ததும் அந்தப் பாதையில்தான்.

இன்றைய 'ஹார்ட்லி' பாதி எதிர்மறை. ஆகவே இன்னொரு எதிர்மறை கூட வரக்கூடாது. "ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர் யூ" பிழை, "ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ" சரி. 'சம்', 'நெவர்' இரண்டும் இதனோடு ஒட்டாது. 'ஹார்ட்லி எனி ரெயின்' என்றால் மழை பேருக்குத்தான் பெய்தது. 'ஹார்ட்லி எவர்' என்றால் அத்தி பூத்தாற்போல. வால்கேள்வி உடன்பாட்டில் வரும்: "ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஹி?" தேர்வுகளில் பலர் 'டஸன்ட் ஹி' என்று போட்டு மதிப்பெண்ணை இழப்பது இங்கேதான்.

இடமும் முக்கியம். முதன்மை வினைக்கு முன்னால், துணைவினை இருந்தால் அதற்குப் பின்னால். வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்தால் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னே வரும்: "ஹார்ட்லி ஹாட் ஐ ரீச்ட் த ஸ்டேஷன் வென் த டிரெயின் லெஃப்ட்." நிலையத்தில் கால் வைத்ததும் ரயில் கிளம்பிவிட்டது. இதில் 'வென்' இருக்கும் இடத்தில் 'தேன்' போடாதீர்கள். அது 'நோ சூனர்' என்பதற்கு உரியது.

'லேட்', 'லேட்லி' இரண்டையும் இதேபோல் பிரித்து வையுங்கள். 'லேட்' தாமதமாக, 'லேட்லி' அண்மைக் காலமாக. தாமதமாக வந்தேன் என்பதற்கு "ஐ கேம் லேட்" போதும்.