மூன்று பேர் போதும்

கேள்வி: சிங்கப்பூர் வேலையை விட்டு வந்த என் தம்பிக்கு (34) மனச்சோர்வு நோய் என்று டாக்டர் சொல்லி, மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகிறது. பெரிய வீட்டில் அவனும் ஆத்தாவும் மட்டும்தான். வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டு அறையை விட்டு அவன் வருவதில்லை. உறவுக்காரர்கள் வந்து வந்து பேசுகிறார்கள், இன்னும் ஒடுங்கிப்போகிறான். அடுத்த மாதம் முன்னோருக்குப் படையலிடும் படைப்பு. பங்காளிகள் கூடும் இடத்துக்கு அழைத்துப் போகலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: வந்து போகிறவர்களைக் குறையுங்கள். நிலையாக இருக்கக்கூடிய மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு வேலை கொடுங்கள்.

முதல் ஆள் காலைக்கு. "என்ன வேணும்னாலும் கேளுப்பா" என்பது அன்பான பேச்சுதான். ஆனால் இந்த நோயில் முடிவெடுப்பதே மலையாகிவிடும், அவரால் கேட்க முடியாது. "ஆறு மணிக்கு ஊரணி வரைக்கும் போவோம், பத்து நிமிஷம்" என்று நேரமும் அளவும் சொல்லிக் கூப்பிடுங்கள். மறுத்தால் முகப்புத் திண்ணை வரை. அதற்கும் வரவில்லையா, வற்புறுத்தாமல் மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நில்லுங்கள். மனம் வந்த பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் நடக்காது. நாலு நாள் நடந்த பிறகுதான் மனம் கொஞ்சம் இளகும்.

இரண்டாம் ஆள் மருந்துக்கு. மாத்திரை வேலை செய்வது தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரமாகும். முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். முதல் வாரக் குமட்டலைப் பார்த்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். மனம் தேறும் முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும் நாட்கள் உண்டு. அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள்; அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

மூன்றாம் ஆள் ஆத்தாவுக்கு. வாரத்தில் இரண்டு பகல் அவரை விடுவித்து, கோயிலுக்கோ உறவு வீட்டுக்கோ அனுப்புங்கள். பார்த்துக்கொள்கிறவர் படுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். யாராவது ஒருவர் அவருடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை. "மனசைத் திடமா வச்சுக்கோ" என்பது, முயன்றும் முடியாதவர் காதில் குற்றச்சாட்டாகவே விழும். "கல்யாணம் பண்ணிவச்சா சரியாயிடும்" என்ற பேச்சை உடனே நிறுத்துங்கள். கல்யாணம், சொத்துப் பாகம் எதுவானாலும் அவர் தேறும்வரை பொறுக்கட்டும்.

படைப்புக்கு அவர் சம்மதித்தால் அரை மணி நேரம் போதும். காரை வாசலிலேயே நிறுத்தி, ஒருவர் கூடவே இருங்கள். "என்ன, இப்படி இளைச்சுட்டே?" என்பவருக்கு, "உடம்புக்கு முடியலை, வைத்தியம் பார்க்கிறோம்" என்று நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு ஐந்து மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது நலம். "இன்னும் எதுக்கு?" என்கிறார்கள் வீட்டில்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரலாம், நோயும் திரும்பலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். அடுத்த முறை மனைவியையும் அழைத்துப் போங்கள். விடியுமுன் விழிப்பு, பசியின்மை என்று உங்களுக்கு முதலில் வந்த அறிகுறிகளை அவரிடம் சொல்லிவையுங்கள். அவை திரும்பினால் உங்களுக்கு முன்பே அவர் கண்ணில் படும்.