கண்ணுக்குத் தெரியாத இயலாமை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பிக்குப் பல ஆண்டுகளாக, மிகை எழுச்சியும் கடும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் (பைபோலார்) இருக்கிறது. கை கால் நன்றாக இருப்பவனுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை எதற்கு என்று உறவினர்கள் கேட்பதால், விண்ணப்பிக்க அவனே கூசுகிறான். அவனுக்கு அந்த உரிமை உண்டா? அந்தப் பணத்தால் என்ன பயன்?

பதில்: நிச்சயம் உண்டு. ஐ.நா. பொதுச்சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நீண்டகால மனநலக் குறைபாட்டையும் தன் முதல் பிரிவிலேயே சேர்த்திருக்கிறது. சமூகப் பாதுகாப்பு பெறும் உரிமையை அதன் 28-ஆம் பிரிவு கூறுகிறது.

ஆனால் நோயின் பெயரை எழுதிக் கொடுத்த மாத்திரத்தில் உதவித்தொகை கிடைத்துவிடாது. அந்த நோய் அன்றாட வாழ்வை எவ்வளவு முடக்குகிறது என்பதே பொதுவாக அளவுகோல். உலக சுகாதார நிறுவனத்தின் இயலாமை மதிப்பீட்டு வினாத்தொகுப்பும், கடந்த 30 நாட்களில் ஒருவருக்குக் கவனம் செலுத்தவும், தன்னைப் பேணிக்கொள்ளவும், பிறரோடு பழகவும் எவ்வளவு சிரமம் இருந்தது என்றுதான் கேட்கிறது.

உங்கள் தம்பியுடையது ஏறி இறங்கும் நோய் என்பதால், மதிப்பீட்டு நாள் நல்ல நாளாக அமைந்துவிடுவதே அவருக்குப் பாதகமாகலாம். குளித்து, சலவைச் சட்டை அணிந்து, தெளிவாகப் பதில் சொல்பவரைப் பார்த்து ‘இவருக்கென்ன குறை’ என்று முடிவு கட்டுவது எளிது. எனவே படுக்கையை விட்டு எழாத நாட்கள், இழந்த வேலைகள், மருத்துவமனையில் சேர்த்த தேதிகள், மாத்திரைக்குக்கூடப் பிறர் நினைவூட்ட வேண்டியிருந்த காலம் ஆகியவற்றை இப்போதிருந்தே குறித்து வாருங்கள். குடும்ப மானம் கருதி நாம் மறைக்கும் விவரங்களே பெரும்பாலும் அங்கே தேவைப்படுகின்றன. மருத்துவரின் கடிதமும் நோயின் பெயரோடு நில்லாமல் இவற்றைச் சொல்ல வேண்டும்.

பணம் நோயைத் தீர்க்காதுதான். எனினும் வாடகைக் கவலை தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெடுவது இந்நோயில் அடுத்த எழுச்சிக்கு வழிவிடக்கூடும். மாத்திரையும் மருத்துவரைப் பார்ப்பதும் தடைபடாமல் தொடர, மாதாமாதம் வரும் சிறு தொகையும் உதவும்.

கேள்வி: வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா?

பதில்: அது திட்டத்தைப் பொறுத்தது. வேலையில் இருந்தபோது செலுத்திய சந்தாவின் பேரில் வருவதற்கும், வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவதற்கும் விதிகள் வேறு. எவ்வளவு சம்பாதிக்கலாம், உதவித்தொகை நிற்காமல் வேலை செய்து பார்க்கச் சோதனைக் காலம் உண்டா, நோய் திரும்பினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா என்ற மூன்றையும், வேலையை ஏற்பதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.