மரத்தை மொட்டையடிக்கும் புழுவைச் சாப்பிடலாமா?

கேள்வி: மரத்தை அழிக்கும் பூச்சி என்றால் நமக்கும் விஷம்தானே?

பதில்: இல்லை. பைன் ஊசியிலையைத் தின்னும் புழுவும், தேக்கிலையைத் தின்னும் புழுவும் காலகாலமாக உணவாக இருப்பவைதான். ஜாவாவில் தேக்குப் புழு கூட்டுப்புழுவாகிச் சருகுக்குள் கிடக்கும்போது பொறுக்கி வறுத்துவிடுகிறார்கள். ஆனால் பழக்கமில்லாத புழுவைத் தொடாதீர்கள். எதைத் தின்னலாம் என்பது அந்தந்தக் காட்டு மக்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: உயரமான மரத்தில் இருப்பதை எப்படிப் பிடிப்பது?

பதில்: கலிபோர்னியாவின் மோனோ ஏரிப் பக்கத்துப் பூர்வகுடிகளான பையூட் மக்கள் மரமே ஏறுவதில்லை. அங்கே ஜெஃப்ரி பைன் மரத்தைத் தாக்கும் பண்டோரா அந்துப்பூச்சியின் புழு, முழுதாக வளர்ந்ததும் மண்ணில் புதைய தானாகவே கீழே இறங்கும். இவர்கள் அடிமரத்தைச் சுற்றி, சுவர் செங்குத்தாக இருக்கும்படி பள்ளம் வெட்டி வைப்பார்கள். விழுந்த புழுவால் ஏற முடியாது. அள்ளி, சூடான மணலில் வறுத்து, காயவைத்துச் சேமிப்பார்கள், வேண்டும்போது வேகவைத்துக்கொள்ளலாம். பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி 2 ஆண்டு என்பதால் அறுவடையும் ஓராண்டு விட்டு ஓராண்டுதான்.

கேள்வி: அப்படியே தின்று தின்று பூச்சியை ஒழித்துவிடலாமே?

பதில்: பண்டோரா பெருகிவிட்டால் அதை அடக்குவது பெரும்பாலும் ஒரு வைரஸ் நோய்தான், நம் வாய் அல்ல. அதோடு, தின்பவர்களுக்கு அது ஒழிவதில் விருப்பமும் இருக்காது. வனத்துறைக்குப் பீடை, அவர்களுக்கு விளைச்சல். மருந்து தெளித்தால் புழுவும் போச்சு, மிஞ்சியதைச் சாப்பிடவும் முடியாது. போட்ஸ்வானா, ஜிம்பாப்வே பக்கம் மொபானி மரத்தின் இலையைத் தின்னும் மொபானிப் புழுவுக்குச் சில இடங்களில் அளவுக்கு மீறிப் பொறுக்குவதுதான் கவலையே.

கேள்வி: உண்மையில் எவ்வளவு புரதம்?

பதில்: காய்ந்த மொபானிப் புழுவின் எடையில் ஏறக்குறைய பாதி. ஆனால் காய்ந்த புழுவையும் பச்சை இறைச்சியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் விளம்பரங்களை நம்பாதீர்கள். பச்சைப் புழுவில் பெரும்பகுதி தண்ணீர். இன்னொன்று, நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். பூச்சித் தோலில் இருக்கும், புரதமல்லாத கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் உண்டு, அதுவும் கணக்கில் ஏறிவிடும்.

கேள்வி: தினமும் சாப்பிடலாமா?

பதில்: எந்தப் புழு என்பதைப் பொறுத்தது. தென்மேற்கு நைஜீரியாவில் அனாஃபே பட்டுப்புழுவைச் சாப்பிட்ட சிலருக்கு நடை தள்ளாடியது. அதிலுள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். லேசாக வறுத்தால் போகாது. ஏற்கெனவே சத்துக் குறைந்தவர்களைத்தான் அது பிடித்தது.

கேள்வி: எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது.

பதில்: அப்படியானால் பூச்சியும் வேண்டாம். இறாலில் ஒவ்வாமை தரும் டிரோபோமையோசின் புரதம் ஏறக்குறைய அதே வடிவில் இதிலும் இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது.