சிறுதானிய முறுக்குத் திட்டத்துக்கு மேற்கோள் காட்டுவது பற்றி

சிறுதானிய முறுக்குத் திட்ட அறிக்கையில் கூகுளில் கிடைத்த சந்தை அளவைப் போட்டதற்கு உங்கள் வழிகாட்டி "இது எங்கிருந்து வந்தது?" என்று திருப்பிக் கொடுத்தார் என்கிறீர்கள். அவர் கேட்டது நியாயம். காசு கொடுத்து வாங்கும் சந்தை அறிக்கைகளின் முன்னோட்டத்தில் வரும் தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்றே பெரும்பாலும் தெரியாது. அதை விட்டுவிடுங்கள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை எடுங்கள், இலவசம். அதன்படி இந்திய நகரங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய், கிராமங்களில் 4,122. நகரத்துச் செலவில் ஏறக்குறைய 11 சதவீதம் பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் போகிறது. உங்கள் முறுக்கு போட்டியிடப்போவது அந்தப் பணத்துக்குத்தான். அந்த 11 சதவீதத் தொகையை உங்கள் ஊர் மக்கள்தொகையோடு பெருக்கினால் மாதச் சந்தையின் உச்சவரம்பு கிடைக்கும். பெருக்கியது நீங்கள் என்பதையும் எழுதிவிடுங்கள், மறைக்க வேண்டாம். மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பைத்தான் எடுக்கிறீர்கள் என்றால் அது பழையது என்று ஒரு வரி சேருங்கள்.

அப்புறம், ஏபிஏ முறை, அதாவது அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த மேற்கோள் முறை. தனி ஆசிரியர் பெயர் இல்லாத அறிக்கைக்கு அந்த அலுவலகமே ஆசிரியர். அடைப்புக்குறிக்குள் வர வேண்டியது அறிக்கை வெளியான ஆண்டு, கணக்கெடுப்பு நடந்த ஆண்டு அல்ல. இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஸ்டாட்டிஸ்டா என்ற புள்ளிவிவரத் தளத்தின் வரைபடம் கிடைத்தால் அதன் கீழே மூல நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்த அறிக்கையைத் திறந்து படித்துவிட்டு அதையே மேற்கோள் காட்டுங்கள்.

கடைக்காரர்களிடம் நீங்கள் எடுத்த பேட்டிகளை மேற்கோள் பட்டியலில் சேர்க்க வேண்டாம். எத்தனை பேர், எந்தத் தேதி என்று ஆய்வுமுறைப் பகுதியில் சொன்னால் போதும். கல்லூரி நூலகரிடம் டெல்நெட் என்ற நூலக இணைப்பு அமைப்பின் உறுப்பினர் வசதி உண்டா என்றும் கேளுங்கள், வேறு நூலகப் புத்தகங்களையும் வரவழைக்கலாம்.