சென்சாரில் தப்பில்லை, கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியில்தான் கொதிக்கும்

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வீட்டு மாட்டுப் பாலில் சீஸ் செய்கிறேன். 20 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம், அதைச் சுற்றி 10 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் வெளிப்பாத்திரம், தண்ணீருக்குள் 2,000 வாட் ஹீட்டர். இதுவரை தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து ஸ்விட்சைப் போட்டு அணைத்தேன். இனி டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வைக்க ஆசை. ஆன்லைனில் 600 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 2,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. மானியக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒருவர், 45,000 ரூபாய் டச் ஸ்கிரீன் பேனல்தான் சரி என்கிறார். அவர் கொண்டுவந்த கருவியின் சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் 93 காட்டியது. "7 டிகிரி கூட்டி வைத்துவிடலாம், சரியாகிவிடும்" என்று கூட்டியும் வைத்துவிட்டுப் போனார். எதை வாங்குவது?

பதில்: எதை வாங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 7 டிகிரியை எடுத்துவிடுங்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீரும் சீக்கிரமே கொதிக்கத் தொடங்கும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வத்தலக்குண்டில் 99, குன்னூரில் 94, உங்கள் ஊரில் 93, ஊட்டியில் அதற்கும் கொஞ்சம் கீழே. உங்கள் சென்சார் 93 காட்டியது என்றால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். நல்ல சென்சாரைத்தான் அவர் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். பாலைப் பாஸ்ச்சரைஸ் செய்ய, அதாவது கிருமி சாகும்படி சூடாக்க, 63 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். 7 கூட்டி வைத்த கருவி 63 காட்டும்போது பால் உண்மையில் 56-இல் நிற்கும். 30 நிமிடம் என்ன, ஒரு மணி நேரம் வைத்தாலும் அதைப் பாஸ்ச்சரைஸ் செய்த பால் என்று சொல்ல முடியாது. பாலை உறைய வைக்கும் ரென்னெட்டை விடும்போது 32 காட்டினால் பால் 25-இல் இருக்கும். தயிர்க்கட்டி சரியாக உறையாது, கத்தி வைத்தால் குழைந்து போகும். நீங்கள் ரென்னெட்டைக் குறை சொல்வீர்கள், மாட்டுத் தீவனத்தைக் குறை சொல்வீர்கள். கிருமி சாவதற்கு வேண்டிய சூடு மலையிலும் 63தான், சமவெளியிலும் 63தான். உயரத்துக்குத் தகுந்து மாறுவது தண்ணீர் கொதிக்கும் சூடு மட்டும்.

மலையில் சென்சாரைச் சோதிக்க ஐஸில் தொடங்குங்கள். சுத்தமான தண்ணீரில் உறைய வைத்த ஐஸைப் பொடியாக நொறுக்கி ஒரு டம்ளர் நிறையப் போடுங்கள். இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். சென்சார் முனை டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நடுவில் இருக்கட்டும். கலக்கிக்கொண்டே சில நிமிடம் பொறுத்தால் எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அது 0 ஆக இருக்க வேண்டும். 1.5 காட்டினால், காட்டும் எண்ணைக் கூட்டிக் குறைக்கும் ஆஃப்செட் என்ற செட்டிங்கில் மைனஸ் 1.5 வையுங்கள். ஐஸில் 0, கொதியில் 93 என்று வந்துவிட்டால் அந்தச் சென்சாரை நம்பலாம். எந்த எலக்ட்ரிகல் கடையிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். கருவியோடு வரும் தாளும் கடற்கரையில் குடியிருப்பவருக்கு எழுதியது போல "கொதிநீரில் 100" என்றுதான் சொல்லும்.

சரி, கன்ட்ரோலர். உங்களுக்கு வேண்டியது பி.ஐ.டி. வகை. 600 ரூபாய்க் கருவி குறித்த சூடு வரும்வரை முழு வேகத்தில் எரித்துவிட்டு அணைத்துவிடும். வெளிப்பாத்திரத்தில் அதற்குள் ஏறிய சூடு பாலுக்குப் போய்க்கொண்டே இருக்கும், 32-இல் நிற்க வேண்டிய பால் 35-ஐத் தாண்டும். பி.ஐ.டி. குறியை நெருங்கும்போதே மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். இன்னொன்று, 600 ரூபாய்க் கருவிக்குள் ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ஸ்விட்சான ரிலேயில் பெரும்பாலும் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். உங்கள் ஹீட்டர் எடுப்பது 8.7 ஆம்பியர். தினமும் நூறு முறை டிக் டிக் என்று போட்டு அணைத்தால் அந்த ரிலேயின் முனைகள் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும்.

சென்சார் பி.டி. 100 என்ற பிளாட்டினம் வகையாக, மூன்று ஒயர் உள்ளதாக, எவர்சில்வர் உறை போட்டதாக இருக்கட்டும். கே டைப் தெர்மோகப்பிள் என்ற இன்னொரு வகை சென்சார் வேண்டாம். அதில் இரண்டு டிகிரி வித்தியாசம் சகஜம், சீஸுக்கு இரண்டு டிகிரி பெரிய விஷயம்.

வாங்கும்போது ஒரு இடத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் பி.ஐ.டி. கருவிகளில் ரிலே அவுட்புட், எஸ்.எஸ்.ஆர். அவுட்புட் என்று இரண்டு உண்டு. எஸ்.எஸ்.ஆர். என்பது வெளியே தனியாக இணைக்கும் எலக்ட்ரானிக் ரிலே, அதில் ஒட்டிக்கொள்ள அசையும் முனை கிடையாது, நமக்கு வேண்டியது அதுதான். நாம் எஸ்.எஸ்.ஆர். என்று கேட்போம், கையிருப்பில் இருக்கும் ரிலே மாடலைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதோடு எஸ்.எஸ்.ஆரை இணைத்தால் ஹீட்டர் எரியவே எரியாது. கடையிலேயே கரன்ட் கொடுத்து, குறியை உயர்த்தி வைத்து, அவுட்புட் முனைகளில் மல்டிமீட்டரை வைக்கச் சொல்லுங்கள். டி.சி.யில் 12 வோல்ட் போல வந்தால் எஸ்.எஸ்.ஆர். மாடல். ஒன்றும் வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எஸ்.எஸ்.ஆரிலும் ஏமாற்று அதிகம். மேலே 40 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பார்கள், உள்ளே அதில் பாதி தாங்கும் சரக்கு இருக்கும். 9 ஆம்பியருக்கு 40 என்று எழுதியதையே வாங்குங்கள், சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க்கில் பேஸ்ட் தடவி முறுக்குங்கள். உங்கள் லோடுக்கே அதில் 10 வாட்டுக்கு மேல் சூடு கிளம்பும். மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டால் வெந்துவிடும். அதைவிட முக்கியமானது, எஸ்.எஸ்.ஆர். கெட்டுப்போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும். கன்ட்ரோலர் அணைத்துவிட்டதாகக் காட்டும், ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஹீட்டர் லைனை மொத்தமாகத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்சாக ஒரு காண்டாக்டர், அதை விழவைக்க வெளிப்பாத்திரத்தில் 80 டிகிரியில் வெட்டும் தனி தெர்மோஸ்டாட், எல்லாவற்றுக்கும் முன்னால், மின்கசிவு வந்தால் கரன்ட்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவை மூன்றும் கட்டாயம் வேண்டும். பிளக் 16 ஆம்பியர், எர்த் உண்மையிலேயே வேலை செய்கிற எர்த். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து இணையுங்கள். 45,000 ரூபாய் பேனலைத் திறந்து இந்த மூன்றையும் காட்டச் சொல்லிப் பாருங்கள், எத்தனை இருக்கிறது என்று தெரியும்.

பி.ஐ.டி. சென்சாரை வெளிப்பாத்திரத் தண்ணீரில் வையுங்கள். பாலுக்குத் தனி தெர்மாமீட்டர். தண்ணீர் பாலைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும்படி குறி வைத்து, பாலைக் கிளறிக்கொண்டே இருங்கள். கருவி தன்னைத் தானே பழக்கிக்கொள்ளும் ஆட்டோ ட்யூனைப் போடும்போது பால் பாத்திரத்தில் 20 லிட்டர் தண்ணீர் நிரப்பியிருக்க வேண்டும். காலிப் பாத்திரத்தில் போட்டால் கருவி தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்ளும்.

பி.ஐ.டி. போட்டால் சீக்கிரம் சூடாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாலும் தண்ணீருமாக 30 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 63-க்கு ஏற்ற, 2,000 வாட்டில் ஒரு மணி நேரம் ஆகும். மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் அந்த ஹீட்டர் தருவது 1,200 வாட்தான், ஒன்றரை மணிக்கு மேல் இழுக்கும். நடுவில் கரன்ட் போய்ப் பால் 63-க்குக் கீழே இறங்கினால், மறுபடி 63 வந்த பிறகு 30 நிமிடத்தை முதலிலிருந்து எண்ணுங்கள்.

600 ரூபாய்க் கருவிக்கு ஒரு நல்ல இடம் உண்டு. சீஸைப் பழுக்க வைக்கும் பழைய ஃபிரிட்ஜுக்கு அதுதான் பொருத்தம், அங்கே பி.ஐ.டி. கூடாது. கம்ப்ரஸரை நொடிக்கு நொடி போட்டு அணைத்தால் அது செத்துவிடும். எஸ்.டி.சி. 1000 என்ற பெயரில் வரும் கருவியில் ஒருமுறை அணைந்தால் சில நிமிடம் கழித்துத்தான் மறுபடி போடும் வசதி இருக்கிறது. அதை 3 நிமிடத்துக்கு வையுங்கள். குறி 12 டிகிரி, வித்தியாசம் 1 டிகிரி, அதாவது 13-க்கு ஏறினால் போடும், 12-இல் அணைக்கும். சென்சார் முனையை ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு வைத்தால், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மோட்டார் ஓடாது. அந்தக் கருவியில் குளிரூட்ட ஒரு ரிலே, சூடேற்ற ஒரு ரிலே என்று இரண்டு உண்டு. சமவெளியில் இரண்டாவதை யாரும் தொடுவதில்லை. உங்கள் ஊரில் மார்கழி இரவில் வெளியே 10-க்குக் கீழே போய்விடும், ஃபிரிட்ஜும் கூடவே இறங்கும், சீஸ் பழுப்பது நின்றுவிடும். அந்த ரிலேயில் ஒரு 40 வாட் குண்டு பல்பைப் போட்டு, வெளிச்சம் சீஸ் மேல் படாமல் தகரத்தால் மறைத்துவிடுங்கள்.

மானியம் பற்றி. 2020-இல் வந்த மத்திய அரசின் குறு உணவு நிறுவனத் திட்டத்தில் மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். 45,000 ரூபாய் பேனலுக்கு 15,750 கழிந்தாலும் மீதி 29,250 உங்கள் தலையில், கடனுக்கு வட்டி தனி. நான் மேலே சொன்ன சாமான்கள் எல்லாம் சேர்ந்தே அதில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால் ஃபைலுக்கு வேண்டியது கொட்டேஷன். எலக்ட்ரீஷியன் உட்கார்ந்து இணைத்த பெட்டிக்குக் கொட்டேஷன் போட ஆள் கிடையாது, டச் ஸ்கிரீனுக்குப் போட ஆள் வரிசையில் நிற்கிறார்கள். தேவையை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கிற ஏற்பாட்டில் புரோக்கர் முளைக்காமல் என்ன செய்வார்? விண்ணப்பத்துக்கு உதவ அந்தத் திட்டத்திலேயே மாவட்ட வள நபர்கள் உண்டு, அவர்களுக்குப் பணம் திட்டத்திலிருந்தே போகிறது. உங்களிடம் கமிஷன் கேட்பவருக்கு அங்கே வேலையே இல்லை. கடன் வேண்டுமென்றால் ஃபிரிட்ஜுக்கும் பாத்திரத்துக்கும் கேளுங்கள். கன்ட்ரோலர் பெட்டியைக் கைக்காசில் செய்துகொள்ளுங்கள்.

அந்த 7 டிகிரி வைத்த பிறகு பாஸ்ச்சரைஸ் செய்த பாலில் போட்ட சீஸ் ஏதாவது வீட்டில் இருந்தால், அதை விற்கவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம்.