லினக்ஸில் வைஃபை டிரைவரை நீக்க முயன்றால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று ஏன் மறுக்கிறது?

இன்டெல் வைஃபைக்கான ஐடபிள்யூஎல்வைஃபை மாட்யூலை (தேவைக்கேற்ப ஏற்றி இறக்கக்கூடிய நிரல் துண்டு) ஆர்எம்மாட் என்ற கட்டளை கொண்டு நீக்கும்போது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மறுப்பதற்குக் காரணம், ஐடபிள்யூஎல்எம்விஎம் என்ற இன்னொரு மாட்யூல் அதைச் சார்ந்து ஓடுவதுதான். ஏற்றப்பட்ட மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் கட்டளை தரும் பட்டியலில் 3-வது நெடுவரிசையைப் பாருங்கள். எத்தனை பேர், யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். அந்த எண்ணிக்கை பூஜ்யமாகும் வரை கெர்னல் விடாது. விடவும் கூடாது: ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நினைவகத்திலிருந்து மறைந்தால் கணினியே நிலைகுலையலாம். வலுக்கட்டாயமாக நீக்கும் வழிக்குத் தயவுசெய்து போகாதீர்கள்.

சரியான வழி இதுதான்: ரூட் (நிர்வாகி) உரிமையோடு, மாட்யூல்களைச் சார்புகளோடு ஏற்றி இறக்கும் மாட்ப்ரோப் கட்டளையை நீக்கும் தெரிவுடன் ஐடபிள்யூஎல்எம்விஎம் மீது இயக்குங்கள். வேறு எதற்கும் தேவைப்படாத சார்பு மாட்யூல்களும் சேர்ந்தே இறங்கும். பிறகு மாட்ப்ரோப்பால் ஐடபிள்யூஎல்வைஃபையை ஏற்றினால் போதும், மற்றது தானே வரும். ஏற்றுவதற்கான இன்னொரு கட்டளையான இன்ஸ்மாட் வேண்டாம், அது சார்புகளைத் தேடாது. அந்த வைஃபை வழியாகவே தொலைவிலிருந்து உள்நுழைந்திருந்தால் இதைச் செய்யாதீர்கள், இணைப்பு உடனே அறுந்துவிடும்.