எஃப்.ஐ.ஆர், ரிமாண்ட், ஹிஸ்டரி ஷீட்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

காவல் நிலையத்திலோ கோர்ட்டிலோ ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் புரிந்தால், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதும் புரிந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறையில் இருக்கின்றன. பிரிவு எண்கள் மாறினாலும் ஸ்டேஷனில் புழங்கும் சொற்கள் பழையவைதான்.

கேள்வி: வீட்டில் 6 பவுன் நகை திருட்டுப் போனது. புகார் கொடுத்ததும் 'சி.எஸ்.ஆர் போட்டாச்சு' என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். கேஸ் பதிவாகிவிட்டதா? – திண்டுக்கல் வாசகி

இல்லை. சி.எஸ்.ஆர் என்பது கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர். உங்கள் மனு வந்து சேர்ந்தது என்று அந்தப் பதிவேட்டில் எழுதி, எண் போட்டுத் தரும் ரசீதுதான் உங்கள் கையில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அது வழக்கு.

நகைத் திருட்டு 'காக்னிசபிள்' குற்றம். அதாவது மாஜிஸ்திரேட்டின் உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸ் விசாரிக்கலாம், வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். இத்தகைய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு 7 ஆண்டு வரை தண்டனை இருப்பதால் அந்த விலக்கும் உங்களுக்குப் பொருந்தாது.

ஆகவே சி.எஸ்.ஆர் எண்ணைக் குறிப்பிட்டு, புகாரை எஸ்.பி-க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(4) இதற்குத்தான் இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அது இல்லாமல் அங்கே நிற்க முடியாது.

எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். படிவத்தில் இரண்டாவது பத்தி எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று சொல்லும். ஒன்பதாவது பத்தியில் களவு போன பொருள்களின் விவரம் வரும். சங்கிலி, தோடு, வளையல் என்று ஒவ்வொன்றும் எடையோடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'தங்க நகைகள்' என்று மொத்தமாக எழுதியிருந்தால், பின்னால் நகை மீட்கப்படும்போது எது உங்களுடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

கேள்வி: தெஃப்ட், ராபரி, டெக்காய்ட்டி, பர்க்லரி எல்லாம் ஒன்றுதானா? – போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர், தென்காசி

உரியவர் சம்மதம் இல்லாமல் நேர்மையற்ற நோக்கத்தில் எடுத்தால் தெஃப்ட். அடித்தோ மிரட்டியோ பறித்தால் ராபரி. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் டெக்காய்ட்டி. பர்க்லரி பத்திரிகைச் சொல். சட்டம் அதை 'ஹவுஸ் பிரேக்கிங்' என்கிறது. செயின் பறிப்புக்கு முன்பு தனிப் பிரிவு கிடையாது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 304-வது பிரிவாக 'ஸ்னாச்சிங்' சேர்ந்திருக்கிறது, தண்டனை 3 ஆண்டு வரை.

கேள்வி: என் தம்பியை அடிதடி வழக்கில் பிடித்து 15 நாள் ரிமாண்ட் செய்துவிட்டார்கள். தண்டனை கொடுத்துவிட்டார்களா? – கரூர் வாசகர்

தண்டனை இல்லை. கோர்ட்டில் வழக்கு விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை. கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் காவலில் வைக்க உத்தரவிடுவதுதான் ரிமாண்ட். சிறைக்கு அனுப்பினால் ஜுடீஷியல் கஸ்டடி, விசாரணைக்காகப் போலீஸிடமே ஒப்படைத்தால் போலீஸ் கஸ்டடி. ஜாமீன் மனுவை இப்போதே போடலாம்.

கூடவே நாளை எண்ணிக்கொண்டு வாருங்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் 'டிஃபால்ட் பெயில்' உரிமை வந்துவிடும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். நீங்கள் மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100-க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

கேள்வி: 'குண்டாஸ்ல போட்டா ஒரு வருஷம் வெளியே வர முடியாது' என்கிறார்களே? – வியாசர்பாடி வாசகி

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் அது. செய்த குற்றத்துக்குத் தண்டனையாக அல்லாமல், இனி செய்யக்கூடும் என்று சொல்லி முன்கூட்டியே அடைப்பது. 'பிரிவென்டிவ் டிடென்ஷன்' என்பார்கள். உச்சவரம்பு 12 மாதம். வெளியே வரவே முடியாது என்பது தவறு. ஏன் அடைத்தார்கள் என்ற காரணங்களை எழுத்தில் தர வேண்டும், அதை எதிர்த்து அரசுக்கு மனு அனுப்பலாம், அறிவுரைக் கழகம் பரிசீலிக்கும். உயர் நீதிமன்றத்தில் ஹேபியஸ் கார்பஸ், அதாவது ஆட்கொணர்வு மனுவும் போடலாம். கைதிக்கு ஆவணங்களைக் கட்டாகக் கட்டித் தருவார்கள். அதில் படிக்க முடியாத ஜெராக்ஸோ, தமிழில் மொழிபெயர்த்துத் தராத பக்கமோ இருந்த காரணத்தால் ரத்தான உத்தரவுகள் நிறைய. முதல் வேலையாக அந்தக் கட்டை வாங்கி வக்கீலிடம் கொடுங்கள்.

கேள்வி: அண்ணன் பழைய வழக்கில் 'அக்விட்' (விடுதலை) ஆகி வருடங்கள் ஓடிவிட்டன. இன்னமும் ராத்திரியில் போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது. 'ஹிஸ்டரி ஷீட் இருக்கு, சர்வைலன்ஸ்' என்கிறார்கள். – தூத்துக்குடி வாசகர்

இந்தக் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. காரணம், இதே நிலையில் இருந்த ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் வரை போராடியிருக்கிறார். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங், 1941-ல் கொள்ளை வழக்கில் பிடிபட்டு, ஆதாரம் இல்லாததால் விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் போலீஸ் அவருக்கு ஹிஸ்டரி ஷீட் திறந்தது. இரவில் வீட்டுக்கு வந்து கூப்பிடுவது, கதவைத் தட்டுவது, தூக்கத்தில் எழுப்புவது என்று தொடர்ந்தது. 1962-ல் உச்ச நீதிமன்றம், இரவில் வீடு தேடி வருவது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்த விதியை ரத்து செய்தது. நடமாட்டத்தைக் கண்காணிப்பதை மட்டும் அனுமதித்தது; அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்றும் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கமும் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்து அந்தக் கருத்தை நீக்கினார்கள்.

ஹிஸ்டரி ஷீட் என்பது ஒருவர் குற்றவாளி என்று கோர்ட் தந்த சான்று கிடையாது. ஸ்டேஷன் தன் உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளும் பதிவு, அவ்வளவுதான். அதைப் பொதுவில் வெளியிடக் கூடாது, வீட்டுச் சிறுவர்களின் விவரங்களைக் காரணமில்லாமல் அதில் சேர்க்கக் கூடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வைத்து, பெயரை நீக்கக் கோரி எஸ்.பி-க்கு மனு கொடுங்கள். எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மனுவுக்குப் பதில் இல்லை என்றால் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம்.

கேள்வி: கணவர் அடிப்பதில்லை. ஆனால் என் சம்பளம் முழுவதையும் பிடுங்கிக்கொண்டு, வீட்டை விட்டுப் போ என்கிறார். ஸ்டேஷனில் 'ஃபேமிலி மேட்டர்' என்று அனுப்பிவிட்டார்கள். – பெயர் வேண்டாம், ஈரோடு

அடித்தால்தான் வன்முறை என்று சட்டம் சொல்லவில்லை, அம்மா. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 'எகனாமிக் அப்யூஸ்' என்று இதைத் தனியாகவே சேர்த்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர் தேவையில்லை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அவர் எழுதும் அறிக்கைதான் டி.ஐ.ஆர். அதோடு மாஜிஸ்திரேட்டிடம் 'ரெசிடன்ஸ் ஆர்டர்' கேட்டால், உங்களை வெளியேற்றத் தடை கிடைக்கும். வீடு மாமியார், மாமனார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம். 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. இன்றே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181.

கேள்வி: 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் மிரட்டி அம்மாவிடம் பணம் பறித்துவிட்டார்கள். அப்படி ஒரு கைது உண்டா? – சேலம் வாசகர்

எந்தச் சட்டத்திலும் கிடையாது. கைது என்றால் அதிகாரி நேரில் வர வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு அரெஸ்ட் மெமோ எழுத வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். வழக்கை முடித்துவைக்கப் பணம் அனுப்பச் சொல்லும் அதிகாரம் சி.பி.ஐ-க்கும் இல்லை, வேறு எந்தப் போலீஸுக்கும் இல்லை. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. அழைக்கும்போது அம்மாவின் வங்கிக் கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனைக்கான யு.டி.ஆர் எண் ஆகியவை கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் அவர்கள் அனுப்பிய போலி வாரண்டையும் அழித்துவிடாதீர்கள், புகாரோடு கொடுக்க வேண்டும்.